ஆறு முறை தொடர்ந்து தோற்க முடியுமா?

ஏற்காட்டு மலையில், ஏரியும் கடைத்தெருவும் உள்ள பகுதியிலிருந்து சற்று விலகி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் மஞ்சக்குட்டை. அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் சந்திரனைக் காட்டுவதற்காக ஒரு சனிக்கிழமை மாலை போயிருந்தேன். மலையில் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. ஆறு மணிக்கெல்லாம் மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. பிள்ளைகள் ஏமாற்றத்துடன் வீடு திரும்ப, நான் தேநீர்க் கடை பெஞ்சில் கடைசிப் பேருந்துக்குக் காத்திருந்தேன். அப்பொழுது ஓர் இளைஞர் அருகில் வந்து அமர்ந்தார். இரு சக்கர வண்டி பழுது பார்ப்பவர். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"சார், நீங்க கணக்கும் சொல்லித் தருவீங்களா? ஒரு சந்தேகம். ஒருத்தன் ஆறு தடவை தொடர்ந்து தோற்க முடியுமா?"

நோட்டைப் பிரித்துக் காட்டினார். நேர்த்தியான அட்டவணைகள். பார்முலா 1 கார்ப் பந்தயத்தில் பணம் கட்டுவதற்கான திட்டம் அது. யாரோ டெலிகிராம் வழியாக வெளிநாட்டுச் சூதாட்டத் தளம் ஒன்றின் விளம்பரத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். "1,000 ரூபாய் கட்டினால் 1,000 ரூபாய் இலவசம்" என்பது அதன் வாசகம். மிளகு விற்ற பணத்தில் வீட்டுக் கூரைக்குத் தகடு வாங்க வைத்திருந்ததிலிருந்து ஆயிரத்தைக் கட்டிவிட்டார். மேலும் 6,300 ரூபாயை அடுத்த பந்தயத்துக்கு முன் கட்டுவதாக எண்ணம். அந்த 6,300 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் பந்தய விலை என்பது என்னவென்று நாம் பார்த்துவிட வேண்டும்.

விலைக்குள் ஒளிந்திருப்பது

ஆறு கார்கள் ஓடும் ஒரு பந்தயத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பணம் வாங்குபவர் ஒவ்வொரு காருக்கும் ஒரு விலை சொல்கிறார். முதல் காருக்கு 2.20 என்றால், அதன்மேல் நீங்கள் 100 ரூபாய் கட்டி அது வென்றால், உங்கள் நூறும் சேர்த்து 220 ரூபாய் திரும்பக் கிடைக்கும். மற்ற ஐந்து கார்களின் விலைகள் 3.50, 5.00, 9.00, 15.00, 20.00 என்று வைத்துக்கொள்வோம்.

இப்பொழுது நீங்கள் ஒரு தந்திரம் செய்கிறீர்கள். எந்தக் கார் வென்றாலும் சரியாக 100 ரூபாய் கைக்கு வருமாறு ஆறு கார்களின்மேலும் கட்டுகிறீர்கள். முதல் காருக்கு 100-ஐ 2.20-ஆல் வகுக்க, ரூ.45.45. அடுத்ததற்கு ரூ.28.57. பிறகு வரிசையாக 20.00, 11.11, 6.67, 5.00. கூட்டிப் பாருங்கள். ரூ.116.80 வருகிறது. 116 ரூபாய் 80 காசு கொடுத்து, நிச்சயமாக 100 ரூபாய் வாங்குகிறீர்கள்! எந்தக் கார் வென்றாலும், ஓட்டுநர் யாராயினும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்த 16 ரூபாய் 80 காசு கடைக்காரருடையது. கட்டிய பணத்தில் அது ஏறத்தாழ 14 விழுக்காடு.

நிகழ்தகவுகளின் கூடுதல் 1, அதாவது 100 விழுக்காடு, என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1654-ஆம் ஆண்டில் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று கடிதங்களில் விவாதித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த கணிதம் இது. பந்தய விலைகளில் மட்டும் அந்தக் கூடுதல் 100-ஐத் தாண்டி நிற்கும். தாண்டி நிற்பதுதான் கடையின் வாடகை, விளம்பரச் செலவு, லாபம் எல்லாம்.

நம் இளைஞர் இதைவிட எளிய பந்தயத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டு ஓட்டுநர்களின் பெயர்களைத் தருவார்கள். அவர்களில் யார் முன்னால் முடிப்பார் என்று சொன்னால் போதும். இருவரும் ஏறக்குறையச் சமமானவர்கள், இருவருக்கும் விலை 1.90. நூறு கட்டி வென்றால் 90 லாபம், தோற்றால் 100 நஷ்டம். பூவா தலையா போட்டதுபோல் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், சராசரியாக நூற்றுக்கு 5 ரூபாய் போய்விடும். ஐந்து ரூபாய்தானே என்று தோன்றும். அந்த ஐந்து ரூபாய் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இரட்டிப்புத் திட்டம்

திட்டம் இதுதான். முதலில் 100 கட்டுவது. தோற்றால் 200. மறுபடி தோற்றால் 400. பிறகு 800, 1,600, 3,200. எப்பொழுது வென்றாலும் முன்பு போனதெல்லாம் ஒரே அடியில் திரும்பி வந்துவிடும் என்பது எண்ணம். ஆறு கட்டங்களையும் கூட்டினால் 6,300. ஆறு முறை தொடர்ந்து தோற்பது 64-இல் ஒரு தடவைதான் நடக்கும், தனக்கு அது நேராது என்று கணக்கிட்டுத்தான் அந்தத் தொகையை ஒதுக்கியிருந்தார். இது அவர் கண்டுபிடித்ததன்று. ஐரோப்பியச் சூதாடிகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கையாண்ட பழைய முறை. 'மார்ட்டிங்கேல்' என்று அதற்குப் பெயர்.

"இரண்டாவது தடவை ஜெயிச்சா எவ்வளவு வரும் தம்பி? எழுதிப் பாருங்க" என்றேன். எழுதினார். முதலில் 100 போயிற்று. இரண்டாவதில் 200 கட்டி 180 லாபம். நிகரம் 80. மூன்றாவதில் வென்றால்? 300 போயிற்று, 400 கட்டி 360 லாபம், நிகரம் 60. நான்காவதில் 700 போயிற்று, 720 லாபம், நிகரம் 20. ஐந்தாவதில் 1,500 போயிற்று, 1,600 கட்டி வென்றால் லாபம் 1,440.

பேனா நின்றுவிட்டது. "சார், ஜெயிச்சும் அறுபது ரூபா நஷ்டமா?"

ஆம். ஆறாவது கட்டத்தில் வென்றாலோ 220 ரூபாய் நஷ்டம். விலை சரியாக 2.00 ஆக இருந்தால்தான் இரட்டிப்பு முறை போனதை மீட்கும். 1.90-க்கு அது பொருந்தாது. நோட்டில் இருந்த அட்டவணை முழுவதும் 2.00 என்ற விலைக்குப் போடப்பட்டிருந்தது. இணையத்தில் யாரோ போட்ட படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாராம்.

ஆறு கட்டங்களையும், அவற்றின் நிகழ்தகவுகளையும் பெருக்கிக் கூட்டினால், ஒரு சுற்றுக்குச் சராசரி நஷ்டம் சரியாக 30 ரூபாய் வருகிறது. நீங்களும் செய்து பாருங்கள், கால் மணி நேர வேலை. இந்த 30 தற்செயலாக வந்ததன்று. ஒரு சுற்றில் சராசரியாகக் கட்டப்படும் தொகை 600 ரூபாய், அதில் 5 விழுக்காடு 30. எந்த வரிசையில் கட்டினாலும், கூட்டிக் கட்டினாலும் குறைத்துக் கட்டினாலும், கட்டிய மொத்தப் பணத்தில் 5 விழுக்காடு என்ற அளவு மாறுவதில்லை. திட்டம் மாற்றுவது நஷ்டத்தின் உருவத்தை மட்டுமே. பல சிறு லாபங்கள், எப்பொழுதாவது ஒரு பெரிய அடி. அந்தப் பெரிய அடி 64-இல் ஒன்று என்பது அரிதானதன்று. நூறு சுற்று ஆடினால், ஒரு முறையாவது அது விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு.

இலவசம் என்ற சொல்

இனி அந்த ஆயிரம் ரூபாய் இலவசம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இலவசம். கீழே பொடி எழுத்தில் இருப்பது நிபந்தனை. அவருடைய கைபேசியில் அதைப் பெரிதாக்கிப் படித்தோம். கட்டிய பணமும் இலவசப் பணமும் சேர்ந்த தொகையைப் போல் பத்து மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகே பணத்தை வெளியே எடுக்கலாம் என்றிருந்தது. அதாவது 20,000 ரூபாய்க்குக் கட்டியாக வேண்டும். அதில் 5 விழுக்காடு எவ்வளவு? 1,000. கொடுத்த இலவசம் முழுவதையும் சராசரியில் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி நிபந்தனை அமைந்துவிட்டது. சமமான இருவர் பந்தயத்தை விட்டு, 14 விழுக்காடு பிடிக்கும் வெற்றியாளர் பந்தயத்தில் கட்டினாலோ 20,000-க்கு 2,800 போக வேண்டும். கையில் இருப்பதே 2,000. பெரும்பாலும் இருபதாயிரத்தை எட்டுமுன்பே கணக்கு காலியாகிவிடும்.

'ஃப்ரீ பெட்' என்று இன்னொரு வகை உண்டு. 500 ரூபாய்க்கு இலவசமாக ஒரு பந்தயம். இதில் வென்றால் லாபம் மட்டும் கிடைக்கும், அந்த 500 கிடைக்காது. 1.90 விலையில் பாதி வாய்ப்புக்கு 450 ரூபாய் என்றால் அதன் உண்மை மதிப்பு 225. இந்த வகைச் சலுகையை 9.00 போன்ற நீண்ட விலையில் கட்டினால் மதிப்பு கூடும் என்பது உண்மைதான். நம் ஆறு கார்க் கணக்கில் அது ஏறத்தாழ 380 ரூபாய் ஆகிறது. ஆனால் பத்து பேருக்கு இப்படிக் கொடுத்தால் ஒன்பது பேர் வெறுங்கையுடன் திரும்புவார்கள். திரும்பும் ஒன்பது பேரில் எத்தனை பேர் சொந்தப் பணத்தைக் கட்டத் தொடங்குவார்கள் என்பதுதான் சலுகை கொடுப்பவரின் கணக்கு.

வண்டியைத் தெரிந்தவர்

"எனக்கு எஞ்சின் தெரியும் சார், சும்மா குருட்டாம்போக்கில் கட்டல" என்றார் அவர். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கார்ப் பந்தயம் சீட்டாட்டமன்று, அது பெரும்பகுதி இயற்பியல்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம், உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். உலர்ந்த சாலையில் கெழு 0.8 என்றால் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர். மழையில் அது 0.4 ஆகக் குறைந்தால் 22. பந்தயக் கார்களில் காற்றே வண்டியைத் தரையோடு அழுத்துமாறு இறக்கைகள் அமைத்திருப்பதால் வேகமான வளைவுகளில் கணக்கு வேறு. ஆனால் மொனாக்கோ நகரத்தின் கொண்டை ஊசி வளைவில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. அங்கே பார்முலா 1 காரும் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுக்குத் தவழ்ந்துதான் திரும்புகிறது. இதெல்லாம் தெரிந்தவர் பந்தயத்தை மற்றவரைவிட நன்றாக ரசிக்கிறார். பணமும் பண்ணலாமா?

1996-இல் அதே மொனாக்கோவில் பந்தயத்துக்கு முன் மழை பெய்தது. பதினான்காவது இடத்திலிருந்து புறப்பட்ட ஒலிவியே பனிஸ் வென்றார். கடைசியில் ஓடிக்கொண்டிருந்த கார்கள் மூன்றே மூன்று. சரி, மழையை யார் அறிவார்? மழையே இல்லாத ஒரு நாளைப் பார்ப்போம். 2002-இல் ஆஸ்திரியாவில் பாரிக்கெல்லோ முன்னணியில் வந்துகொண்டிருந்தார். இறுதிக் கோட்டுக்குச் சற்று முன், தம் ஃபெராரி அணியின் கட்டளைப்படி வேகத்தைக் குறைத்து, அதே அணியின் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். 2008-இல் சிங்கப்பூரில் ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதினார். அதனால் பாதுகாப்புக் கார் உள்ளே வந்தது, சக ஓட்டுநர் அலோன்சோ வென்றார். அது சதி என்பது அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. உராய்வுக் கெழுவை எத்தனை தசமத்துக்குத் தெரிந்து வைத்திருந்தாலும் இவற்றைக் கணிக்க இயலாது.

பந்தயம் ஓடும்போதே கட்டும் வசதி வேறு தருகிறார்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 83 மீட்டர் கடக்கிறது. கைபேசியில் படம் பத்து நொடி தாமதமாக வந்தால், நீங்கள் பார்க்கும் கார் உண்மையில் 830 மீட்டர் முன்னால் போய்விட்டது. மஞ்சக்குட்டையில் மேகம் இறங்கும்போது அலைபேசிச் சமிக்ஞை படும் பாட்டை நான் நேரில் பார்த்தேன். விலை சொல்பவரோ ஓடுதளத்திலிருந்து நேரடியாக வரும் நேரப் பதிவைப் பார்த்துச் சொல்கிறார். நேற்றைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு இன்றைய செய்தி தெரிந்தவரோடு பந்தயம் கட்டுவதற்கு இது சமம்.

இவ்வளவையும் மீறி ஒருவருக்கு உண்மையான திறமை இருக்கலாம். 1.90 விலையில் நஷ்டமின்றித் தப்பவே நூற்றுக்கு 52.6 முறை சரியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் 55 முறை சரியாகச் சொல்பவர் என்றே வைத்துக்கொள்வோம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊசல் சோதனையில் ஓர் அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை ஏன் எண்ணுகிறோம்? பிழையைக் குறைக்கத்தானே! இங்கும் அதே கதை. 50-க்கும் 55-க்கும் உள்ள வேறுபாடு வெறும் அதிர்ஷ்டமன்று என்று ஓரளவு நம்பவே 400 பந்தயங்களின் பதிவு தேவை. 2024-இல் நடந்த பார்முலா 1 பந்தயங்கள் 24. பந்தயத்துக்கு ஒன்று வீதம் கட்டினால் 400-க்குப் பதினேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஓட்டுநர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள், கார்களின் விதிகளே மாறிவிடும். நம் நண்பரின் நோட்டில் இருந்த பதிவுகள் பதினொன்று. அவற்றுள் எட்டு சரி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி என்ற இயற்பியலர் 1956-இல் ஒரு சூத்திரம் தந்தார். கையிருப்பில் எந்தப் பங்கைக் கட்டலாம் என்று அது சொல்லும். 55 விழுக்காடு திறமையும் 1.90 விலையும் என்றால் விடை, நூற்றுக்கு 5 ரூபாய். அதற்கு மேல் போகக் கூடாது. திறமை 50 விழுக்காடு என்றால் விடை எதிர்க்குறியில் வருகிறது. அதாவது கட்டவே கட்டாதே என்று பொருள். தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கு என்று எந்தத் திறமைக்கும் அந்தச் சூத்திரம் சொல்வதில்லை.

கிண்டியும் சோழவரமும்

தமிழ்நாட்டுக்குக் கார்ப் பந்தயமும் புதிதன்று, சூதாட்டமும் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து கார்கள் ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவிலேயே ஓட்டினார்கள். பணம் கட்டும் பழக்கம் வளர்ந்ததோ கிண்டிக் குதிரைப் பந்தயத்தில். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெருமளவு திறமை சார்ந்தது, ஆகவே சூதாட்டமன்று என்று தீர்ப்பளித்தது. விளம்பரக்காரர்கள் இன்றும் பற்றிக்கொள்ளும் சொல் அந்தத் 'திறமை'தான். ஓடுவதில் திறமை இருக்கிறது என்பதற்கும், கட்டுபவருக்கு லாபம் இருக்கிறது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மேலே கண்டோம். பந்தய மைதானத்தின் 'டோட்' முறையிலும் எல்லோருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, நடத்துபவரின் பங்கையும் வரியையும் கழித்த பிறகே மீதியை வென்றவர்களுக்குப் பிரிக்கிறார்கள்.

1968-இல் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டைத் தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் தடுக்க மாநிலச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்தது. எனினும் கடல் கடந்த தளங்களின் செய்திகள் கைபேசிக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. அவர்கள் வென்ற பணத்தைத் தர மறுத்தால் எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதுவது? இந்தக் கேள்விக்கு அந்த இளைஞரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. "ஆறு தடவை தோற்க முடியுமான்னு கேட்டீங்களே, நாமே பார்த்துடலாம்" என்று ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தேன். பூ விழுந்தால் தோல்வி. இருநூறு முறை சுண்டினால், எங்காவது ஆறு பூ தொடர்ந்து விழுவதற்குப் பத்துக்கு எட்டு வாய்ப்பு உண்டு என்பதை நான் சொல்லவில்லை. அவர் சுண்டச் சுண்டக் கடைக்காரர் பால் கணக்கு அட்டையின் பின்புறத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஐம்பது வரையில் அதிகபட்சம் மூன்று பூ. இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எழுபத்திரண்டாவது முறையில் பூ விழத் தொடங்கியது. எழுபத்தெட்டு வரை தலை விழவேயில்லை.

வளைவில் பேருந்தின் விளக்கு தெரிந்தது. நான் எழுந்தபோது அவர் நோட்டில் 1.90-க்குப் புதிய அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் நாணயத்தை வாங்கித் தாம் சுண்டத் தொடங்கியிருந்தார்.